வழி எண்ணும் கணக்குக்கு எது: வெறும் தேடலா, மெமோவா, அட்டவணையா?

தாளில் ஒரு சாய்சதுரம் வரைந்துகொள்ளுங்கள். இடது மூலையிலிருந்து இரண்டு அம்புகள் கிளம்புகின்றன, ஒன்று மேல் மூலைக்கு, ஒன்று கீழ் மூலைக்கு. அங்கிருந்து இரண்டும் வலது மூலையில் வந்து சேர்கின்றன. அந்த வலது மூலையே அடுத்த சாய்சதுரத்தின் இடது மூலை. இப்படி 30 சாய்சதுரங்களைக் கோத்தால் மொத்தம் 91 முனைகள், 120 அம்புகள். ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் படம். முதல் முனையிலிருந்து கடைசி முனைக்கு எத்தனை வழிகள்? ஒவ்வொரு சாய்சதுரத்திலும் இரண்டில் ஒன்றைத் தேர்கிறோம். ஆக 30 இரண்டுகளின் பெருக்கல்: 107,37,41,824.

ஒரு வழியில் கடைசிவரை போய், திரும்பி வந்து அடுத்ததைப் பிடிக்கும் ஆழம் முதல் தேடலை (இனி டி.எஃப்.எஸ்.) பாடத்தில் படித்தபடியே எழுதி இந்தப் படத்தைக் கொடுத்தால், அது கடைசி முனையை 107 கோடி தடவை தொட்டு ஒவ்வொன்றாக எண்ணும். 30 சாய்சதுரத்தை 50 ஆக்கிப் பாருங்கள். முனைகள் 151 தான். நொடிக்கு 10 கோடி வழி எண்ணினாலும் 130 நாள் ஓடும். நிரலில் தப்பே இல்லை, மாதிரி உள்ளீடுகள் எல்லாம் சரியாக வரும், ஆனால் நிஜ உள்ளீட்டில் திரை அப்படியே நிற்கும். போட்டிக் கணக்குகளுக்கும் நேர்காணலுக்கும் தயாராகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். உடனே எழும் கேள்வி: "இதுக்கு டி.எஃப்.எஸ். போடணுமா, டி.பி. (டைனமிக் புரோகிராமிங்) போடணுமா?"

கேள்வியை அப்படிக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த முனைக்கு எப்போது போவது என்பதை டி.எஃப்.எஸ். சொல்கிறது. போய் வந்ததில் எதை எழுதி வைத்துக்கொள்வது என்பதை டைனமிக் புரோகிராமிங் சொல்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை, ஒரே நிரலில் சேர்ந்தே இருக்கலாம். உண்மையில் நம் முன்னால் இருக்கும் தேர்வுகள் மூன்று: எதையும் நினைவில் வைக்காத வெறும் டி.எஃப்.எஸ்.; ஒவ்வொரு முனையின் விடையையும் எழுதி வைத்துக்கொள்ளும் மெமோ டி.எஃப்.எஸ்.; முனைகளை முதலில் வரிசைப்படுத்திவிட்டு, ரிகர்ஷன் (நிரல் தன்னையே மறுபடி அழைப்பது) இல்லாமல் அட்டவணையை நிரப்பிக்கொண்டே போவது. எதை எடுப்பது என்று முடிவு செய்ய நான் ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்பேன்: இந்த முனைக்கு மேல் நடக்கப்போவது, இங்கே எந்த வழியாக வந்தோம் என்பதைப் பொறுத்ததா?

பொறுத்தது இல்லை என்றால், ஒரு முனையின் விடையை ஒருமுறை கண்டுபிடித்தால் போதும். சாய்சதுரச் சங்கிலியில் 17ஆவது சேர்மூலையிலிருந்து முடிவு வரை எத்தனை வழி என்பது, அங்கே மேல் பக்கமாக வந்தாலும் கீழ் பக்கமாக வந்தாலும் ஒன்றுதான். அதைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டதால்தான் 107 கோடி வந்தது.

வெறும் டி.எஃப்.எஸ். எங்கே சரி

வழிகளை எண்ணச் சொல்லாமல், ஒவ்வொன்றையும் எழுதிக் காட்டச் சொன்னால் வெறும் டி.எஃப்.எஸ். தான். நிரல் பயிற்சித் தளமான லீட்கோட்டில் 797ஆம் கணக்கு அப்படிப்பட்டது, முனைகள் அதிகபட்சம் 15. முதல் முனையும் கடைசி முனையும் நிலையானவை. நடுவில் உள்ள 13 முனைகளில் எந்தக் கூட்டத்தைத் தேர்ந்தாலும் ஒரு வழி வரக்கூடும். ஆக மோசமான நிலையிலும் 8,192 வழிகள். அச்சிட வேண்டியதே அவ்வளவு என்றால் எந்த உத்தியும் அதைக் குறைக்காது. வரம்பை 15 என்று வைத்ததே அதற்குத்தான். உள்ளீட்டு வரம்பைப் படிக்காமல் நிரலைத் தொடங்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் நான் சலிக்காமல் சொல்வது இதனால்தான்.

ஒரே ஒரு திருத்தம் இங்கே பலன் தரும். கிராஃபில் (முனைகளும் அம்புகளும் சேர்ந்த படம்) இலக்குக்குப் போகவே முடியாத முட்டுச்சந்துகள் நிறைய இருந்தால், முதலில் அம்புகளைத் திருப்பிப் போட்டு இலக்கிலிருந்து ஒருமுறை தேடி, இலக்கை எட்டக்கூடிய முனைகளைக் குறித்துவையுங்கள். பிறகு குறித்த முனைகளுக்குள் மட்டும் டி.எஃப்.எஸ். போனால் ஒவ்வொரு இறக்கமும் ஒரு வழியில்தான் முடியும். வீண் அலைச்சல் இருக்காது.

மெமோ டி.எஃப்.எஸ்.

எண்ணிக்கை, மிக நீண்ட வழி, மிகக் குறைந்த செலவு என்று ஒரே எண்ணாக விடை கேட்டால், கிராஃபில் சுழற்சியும் (கிளம்பிய முனைக்கே திரும்பும் வழி) இல்லையென்றால், கை முதலில் போக வேண்டியது இதற்கு (நினைவு முழுவதும் தொடக்கத்தில் -1):

வழிகள்(மு):
மு இலக்கு என்றால் 1ஐத் திருப்பு
நினைவு[மு] ≠ -1 என்றால் நினைவு[மு]-ஐத் திருப்பு
கூட்டு = 0
மு-விலிருந்து அம்பு போகும் ஒவ்வொரு அ-வுக்கும்: கூட்டு = கூட்டு + வழிகள்(அ)
நினைவு[மு] = கூட்டு
கூட்டைத் திருப்பு

வெறும் டி.எஃப்.எஸ்.க்கும் இதற்கும் வித்தியாசம் நினைவு என்று வரும் அந்த இரண்டு வரிகள்தான். இப்போது ஒவ்வொரு முனையும் ஒருமுறை கணக்கிடப்படுகிறது, ஒவ்வொரு அம்பும் ஒருமுறை பார்க்கப்படுகிறது. சாய்சதுரச் சங்கிலி 120 அம்புகளோடு முடிந்துவிடும். நிரலின் ஒரு செயல்கூறே (ஃபங்ஷன்) தன் பழைய விடைகளை நினைவில் வைத்துக்கொள்ளும் இந்த யோசனைக்கு "மெமோ" என்ற பெயரை 1968இல் நேச்சர் இதழில் கட்டுரை எழுதி வைத்தவர் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் டொனால்ட் மிச்சி.

வரிகள் எளிது, ஆனால் வழுக்கும் இடங்கள் இரண்டு உண்டு. முதலாவது, பார்த்த முனைகளைக் குறிக்கும் 'பார்த்தாச்சு' அட்டவணையையே மெமோ என்று நினைப்பது. இரண்டே சாய்சதுரம் எடுத்துக்கொள்வோம்: அ-விலிருந்து ஆ, இ, அவை இரண்டும் ஈ-க்கு, ஈ-யிலிருந்து உ, ஊ, அவை இரண்டும் எ-க்கு. சரியான விடை 4. "ஏற்கெனவே பார்த்த முனை என்றால் 0 திருப்பு" என்று எழுதியிருந்தால், முதல் இறக்கம் அ, ஆ, ஈ, உ, எ என்று போய் 1 கொண்டுவரும். அடுத்து ஊ வழியாக எ-க்குப் போனால் அது பார்த்தாச்சு, 0. பிறகு இ வழியாக ஈ-க்குப் போனால் அதுவும் பார்த்தாச்சு, 0. மொத்தம் 1. போய்ச் சேர முடியுமா என்ற கேள்விக்கு அந்தக் குறி போதும். எத்தனை என்று கேட்டால் அங்கே கண்ட எண்ணைத்தான் எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. நானே இதில் ஒரு சாயங்காலம் முழுவதையும் விட்டிருக்கிறேன். நினைவு அட்டவணையை 0 என்று நிரப்பி, "0 இல்லையென்றால் ஏற்கெனவே கணக்கிட்டது" என்று எழுதியிருந்தேன். மெமோ இருக்கிறது, விடைகளும் சரி, ஆனால் சில உள்ளீடுகளில் மட்டும் நிரல் நின்றுவிடும். காரணம், இலக்கை எட்டாத முனையின் உண்மையான விடையே 0. அதைக் கணக்கிட்டு 0 என்று எழுதினால், எழுதாதது போலவே தெரியும். ஒவ்வொரு முறையும் திரும்பக் கணக்கிடும். இலக்கைத் தனி முனையாக வைத்து, சாய்சதுரச் சங்கிலியின் கடைசி மூலையை அதோடு சேர்க்காமல் விட்டுவிட்டால், மெமோ இருந்தும் 107 கோடி மறுபடி வந்துவிடும். விடையாக வரவே முடியாத ஓர் எண்ணைத்தான் அடையாளமாக வைக்க வேண்டும், எண்ணிக்கைக்கு -1 போதும். மிகச் சிறந்த செலவு கேட்கும் கணக்கில் -1 கூட விடையாக வரலாம். அப்போது தனியாக ஓர் ஆம்/இல்லை அட்டவணை வைப்பதே பத்திரம்.

வரிசைப்படுத்தி நிரப்பும் அட்டவணை

மூன்றாவது முறையில், அம்பு எந்த முனையிலிருந்து கிளம்புகிறதோ அது முன்னால் வரும்படி எல்லா முனைகளையும் வரிசையாக நிறுத்துகிறோம். டோபாலஜிகல் வரிசை என்பது இதுதான். பிறகு இடமிருந்து வலமாக ஒரே நடை, ஒவ்வொரு முனையும் தன் எண்ணை அம்புகளின் வழியே அடுத்தவற்றுக்குத் தள்ளிவிடும்.

இந்த வரிசையைப் பெற இன்றும் அதிகம் பயன்படுவது ஆர்தர் கான் 1962இல் வெளியிட்ட முறை. உள்ளே எந்த அம்பும் வராத முனைகளைக் கியூவில் (காத்திருப்பு வரிசையில்) போடு. ஒன்றை எடு, அதன் அம்புகளை நீக்கு. புதிதாக அம்பில்லாமல் ஆன முனையைக் கியூவில் சேர். பெரிய திட்டங்களின் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் பெர்ட் வரைபடங்களுக்காக அவர் அதை எழுதினார். ஐ.பி.எம். 7090 கணினியில் 30,000 வேலைகள் கொண்ட வரைபடத்தை ஒரு மணி நேரத்துக்குள் வரிசைப்படுத்தலாம் என்று அந்தக் கட்டுரை சொல்கிறது. அதே அளவை இன்றைய மடிக்கணினி கண் இமைப்பதற்குள் முடித்துவிடும்.

மெமோவைவிட இது எங்கே மேல்? முதலில் ஆழம். 1,00,000 முனைகள் ஒரே சங்கிலியாக இருந்தால் மெமோ டி.எஃப்.எஸ். 1,00,000 அழைப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும். பைத்தானில் இயல்பான வரம்பு 1,000. சி++இல் ஓர் அழைப்புக்கு 100 பைட் என்று வைத்தாலே 1 கோடி பைட் ஆகிறது. அழைப்புகளை அடுக்கி வைக்க லினக்ஸில் வழக்கமாகக் கிடைக்கும் நினைவகம் (ஸ்டாக்) 8 எம்.பி. தான். லீட்கோட் 329, ஏறுவரிசையில் மிக நீண்ட வழி கேட்கும் 200க்கு 200 கட்டம், சின்னதாகத்தான் தெரியும். எண்களைப் பாம்புபோல வளைத்து வளைத்து நிரப்பினால் ஒரே வழியின் நீளம் 40,000 ஆகிவிடும். அட்டவணை முறைக்கு இந்தக் கவலையே கிடையாது.

அடுத்தது சுழற்சி. கியூ காலியான பிறகு, வெளியே வந்த முனைகளின் எண்ணிக்கை மொத்தத்தைவிடக் குறைவாக இருந்தால் எங்கோ சுழற்சி இருக்கிறது என்று அர்த்தம். ஒரு வரியில் தெரிந்துவிடும். மெமோ டி.எஃப்.எஸ்.இல் இதற்காகத் தொடாதது, நடந்துகொண்டிருப்பது, முடிந்தது என்று மூன்று நிலைகளை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அட்டவணைக்கும் தன் பொறி உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. 1-லிருந்து 2-க்கு அம்பு, 2-லிருந்து 4-க்கு அம்பு, 3-லிருந்து 2-க்கு அம்பு. நமக்கு வேண்டியது 1-லிருந்து 4-க்கு மிக நீண்ட வழி. தொடக்கம் 1 தானே என்று கியூவில் 1-ஐ மட்டும் போட்டால், 2-க்கு வரும் இரண்டு அம்புகளில் ஒன்றுதான் நீங்கும். 3-இன் அம்பு அப்படியே நிற்கும். 2 கியூவுக்கு வராது, 4-உம் வராது, "வழியே இல்லை" என்று நிரல் சொல்லும். சரி, 3-ஐயும் கியூவில் போட்டு அதன் நீளத்தை 0 என்று வைத்தால் வேறு தப்பு: 1-லிருந்து போகவே முடியாத முனையிலிருந்து கிளம்பிய வழியும் போட்டிக்கு வந்துவிடும். எல்லா ஆரம்ப முனைகளையும் கியூவில் போட வேண்டும். 1-க்கு மட்டும் 0, மற்ற எல்லாவற்றுக்கும் வழியின் நீளமாக வரவே முடியாத மிகக் கீழான எதிர்மறை எண் (-100 கோடி போல). தன் எண் அப்படியிருக்கும் முனை தன் அம்புகளை நீக்கும், மதிப்பைத் தள்ளாது. சி.எஸ்.இ.எஸ். என்ற பயிற்சிக் கணக்குத் தொகுப்பில் மிக நீண்ட விமானப் பயணம் கேட்கும் கணக்கில் மாணவர்களின் நிரல் தோற்கும்போது நான் முதலில் தேடுவது இந்த இடத்தைத்தான். மெமோ டி.எஃப்.எஸ்.இல் இந்தத் தொல்லை வராது, 1-லிருந்து போக முடியாத இடத்துக்கு அது போவதே இல்லை.

இரண்டில் எது என்றால்

போக முடியாத இடத்துக்குப் போகாத அந்தக் குணம்தான் மெமோவின் பெரிய பலம். கிராஃப் முழுவதும் கையில் இல்லாமல், நிலைகளை நாமே உருவாக்கிக்கொண்டு போகும் கணக்குகளில் கோடிக்கணக்கான நிலைகள் பெயருக்கு இருக்கும். தொடக்கத்திலிருந்து எட்டுவது சில ஆயிரங்களாக இருக்கலாம். அங்கே அட்டவணை போட்டால் நினைவகம் தாங்காது, வரிசை எது என்றும் எளிதில் புலப்படாது. மெமோவில் வரிசையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ரிகர்ஷன் தானே பார்த்துக்கொள்ளும். புதிய கணக்கு ஒன்றைப் பார்த்தால் நான் எப்போதும் மெமோவாகத்தான் முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் "இங்கிருந்து மேலே என்ன?" என்று மனம் யோசிப்பதும் அப்படித்தான். விடை சரி என்று தெரிந்த பிறகு, முனைகள் 1,00,000 அளவில் இருந்தால் அட்டவணையாக மாற்றிவிடுவேன். 1,000க்குள் என்றால் மாற்ற மெனக்கெடுவதில்லை.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் ஓர் அழகான கணக்கும் உண்டு: அகரவரிசையில் 1 கோடியாவது வழியை எழுது. முதலில் ஒவ்வொரு முனையிலிருந்தும் இலக்குக்கு எத்தனை வழி என்று எண்ணி வைத்துக்கொள்கிறோம். பிறகு தொடக்கத்திலிருந்து இறங்குகிறோம். முதல் அம்பின் பின்னால் 60 லட்சம் வழிகள் இருந்தால் அதை முழுதாகத் தாண்டி, அடுத்த அம்பில் 40 லட்சமாவதைத் தேடுகிறோம். ஒவ்வொரு முனையிலும் ஒரே முடிவு, ஒரே இறக்கம். ஒரு கோடி வழிகளில் ஒன்றைக்கூட வீணாக எழுதவில்லை.

சுழற்சி வந்துவிட்டால்

இதுவரை சொன்ன எல்லாமே சுழற்சி இல்லாத கிராஃபுக்கு. சுழற்சியுள்ள கிராஃபில் மெமோ டி.எஃப்.எஸ். முடிவில்லாமல் இறங்கும். அதைத் தடுக்க "நடந்துகொண்டிருக்கும் முனைக்குத் திரும்பி வந்தால் இல்லை என்று சொல்" என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். அந்த ஒரு வரி மெமோவையே கெடுத்துவிடும். அ-விலிருந்து ஆ, ஆ-விலிருந்து அ, அ-விலிருந்து இ. இலக்கு இ. அ-வில் தொடங்குகிறோம். முதலில் ஆ-வுக்குப் போகிறோம். ஆ-வின் ஒரே அம்பு அ-வுக்கு. அது நடந்துகொண்டிருக்கிறது, ஆகவே இல்லை. ஆ-வின் விடை "இலக்கை எட்டாது" என்று நினைவில் பதிந்துவிட்டது. ஆனால் ஆ-விலிருந்து அ வழியாக இ-க்குத் தாராளமாகப் போகலாம். அ-வின் விடை சரியாகவே வருவதால் இந்தத் தப்பு அன்றைக்குக் கண்ணில் படாது. நாளைக்கு யாராவது ஆ-வைப் பற்றிக் கேட்கும்போது படும். நான் முதலில் சொன்ன கேள்வி இங்கே நேரடியாகப் பொருந்துகிறது: ஆ-வின் விடை நாம் வந்த வழியைப் பொறுத்ததாகிவிட்டது, ஆகவே அதை எழுதி வைக்க உரிமை இல்லை.

சுழற்சியை அவிழ்க்க நல்ல வழி, நிலையோடு ஓர் எண்ணைச் சேர்ப்பது. "இந்த முனை" என்பதற்குப் பதில் "இத்தனை அம்புகள் கடந்தபின் இந்த முனை". அம்பு கடக்கும்போதெல்லாம் எண் கூடுவதால் பழைய நிலைக்குத் திரும்பவே முடியாது, சுழற்சி மறைந்துவிடுகிறது. மிகக் குறைந்த செலவுள்ள வழியைத் தேடும் பெல்மன்-ஃபோர்டு முறையின் உயிர் இதுதான். இத்தனை இடைநிறுத்தத்துக்குள் மலிவான விமானப் பயணம் எது என்ற லீட்கோட் 787உம் அதே. அதில் எல்லோரும் தடுக்கி விழும் படி ஒன்று: அ-விலிருந்து ஆ 3,000 ரூபாய், ஆ-விலிருந்து இ 2,000 ரூபாய், அ-விலிருந்து இ நேராக 7,000 ரூபாய். இடைநிறுத்தமே கூடாது. ஒரே அட்டவணையில் எழுதிக்கொண்டே போனால், முதல் சுற்றிலேயே ஆ 3,000 ஆகி, அதே சுற்றில் அதைப் படித்து இ 5,000 ஆகிவிடும். இரண்டு விமானம் ஏறியாகிவிட்டது. போன சுற்றின் அட்டவணையிலிருந்து படித்து, இந்தச் சுற்றின் அட்டவணையில் எழுத வேண்டும். அப்போது 7,000 வரும். இரண்டு அட்டவணைகளே போதும் என்பது இங்கே அட்டவணை முறைக்குக் கூடுதல் லாபம், மெமோவில் எல்லாச் சுற்றுகளையும் வைத்திருக்க வேண்டும்.

ஒரு முனைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், அங்கே உள்ள காசு ஒருமுறைதான் கிடைக்கும் என்ற வகைக் கணக்கில் எண் சேர்க்க வேண்டியதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்த் திரும்ப முடிகிற முனைகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுங்கள். 1972இல் கணினி அறிஞர் ராபர்ட் டார்ஜன் காட்டியபடி ஒரே டி.எஃப்.எஸ்.இல் இது முடியும். மூட்டைகளுக்கு நடுவே சுழற்சி இருக்காது. காசுகளை மூட்டைக்குள் கூட்டி, மேலே சொன்ன அட்டவணையை ஓட்டினால் லட்சம் முனைகளும் நொடிக்குள் முடியும்.

ஆனால் "எந்த முனைக்கும் இரண்டாம் முறை வரக்கூடாது, இருப்பதில் நீண்ட வழி வேண்டும்" என்று ஒரு சொல் மாறினால் நிலைமை தலைகீழாகிறது. இப்போது மேலே என்ன நடக்கும் என்பது, இதுவரை எந்தெந்த முனைகளைச் செலவழித்தோம் என்பதைப் பொறுத்தது. அந்தக் கூட்டத்தையே நிலையில் சேர்ப்பதுதான் வழி. 20 முனைகளுக்கு 10 லட்சத்துக்கும் அதிகமான கூட்டங்களும், ஒவ்வொன்றுக்கும் கடைசியாக நின்ற முனையும் சேர்ந்து 2,09,71,520 நிலைகள். எல்லா முனைகளையும் ஒருமுறை தொட்டுச் செல்லும் வழியை வெறும் டி.எஃப்.எஸ்.இல் தேடினால், தொடக்கமும் முடிவும் நிலையாக இருந்தாலும் மோசமான நிலையில் 64 கோடி கோடி வரிசைகள். அதன் பக்கத்தில் 2 கோடி ஒன்றுமே இல்லை. ஆனால் 25 முனைகளுக்கு நிலைகள் 83 கோடியைத் தாண்டும், நிலைக்கு 4 பைட் வைத்தாலே 3 ஜி.பி.க்கு மேல். 40 முனைகளுக்கு இந்த முறையைப் பேசிப் பயனில்லை. அப்படி ஒரு கணக்கு வேலையிடத்தில் என் மேசைக்கு வந்தால், நிரலைத் திறப்பதற்கு முன் கேட்டவரிடமே போய், ஒரே இடத்துக்கு மறுபடி வந்தால் உண்மையிலேயே தப்பா என்று கேட்டுவிட்டு வருவேன்.